கிளுவை வேலியில் ஒரு கம்பி

நவம்பர் 21, வெள்ளி

இது உரக்கடையில் அப்பாவுக்குக் கொடுத்த டைரி. ஜனவரியில் விதை நெல் வாங்கிய கணக்கு ஒரு பக்கம், அதற்குப் பிறகு எல்லாம் வெள்ளை. கேட்டால் தருவார், ஆனால் நான் கேட்கவில்லை. அலமாரியிலிருந்து எடுத்துக்கொண்டேன்.

கொல்லையில் அவரை பூத்துவிட்டது. பனி விழ ஆரம்பித்தால்தான் அவரைக்குப் பிடிக்கும். காலையில் பந்தலுக்குக் கீழே குனிந்து போனால் முதுகெல்லாம் நனைகிறது. கத்தரியில் பூச்சி. பூசணிக்கொடி எங்களைக் கேட்காமலே பின்பக்கத்துக் கிளுவை வேலிமேல் ஏறிக்கொண்டிருக்கிறது.

இவ்வளவும் எழுதியது எழுத வேண்டியதைத் தள்ளிப்போடத்தான். நேற்று கரட்டுத் தோட்டத்துப் பெரியவரையும் அவர் வீட்டு அம்மாவையும் யாரோ அடித்துக் கொன்றுவிட்டார்கள். எங்களைப்போலவே தோட்டத்துக்குள் தனியாக இருக்கும் வீடு. கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் இன்னொரு வீடு கிடையாது. போன மாதம் அந்த அம்மா எனக்குப் பப்பாளி கொடுத்தார்கள். "இத்தன படிச்சு இப்படிப் பேசாமயே இருந்தா மாப்பளகாரன் என்ன ஊமைன்னு நெனச்சுக்க மாட்டானா?" என்று சிரித்தார்கள்.

சமையலறைக் கதவு வழியாக வந்தார்களாம். கொல்லைப் பக்கமாக.

நவம்பர் 23, ஞாயிறு

அம்மா தாலிக்கொடியைக் கழற்றிவிட்டு மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டாள். கொடி எங்கே என்று அப்பா கேட்டதற்கு, "மொச்சை வெதப் பானைக்குள்ள" என்றாள். "எனக்கே சொல்லாதே" என்றார் அப்பா.

அப்பா அந்த வீட்டுக்குப் போய்விட்டு வந்ததிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. கை கழுவிக்கொண்டே இருக்கிறார். பகலில் கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்தபடி தூங்கி விழுகிறார், ஒரு காக்கை கத்தினாலும் திடுக்கிட்டு எழுகிறார். எங்கள் அப்பா நாச்சிமுத்து பயந்து நான் பார்த்ததில்லை. பயந்த அப்பாவைப் பார்க்கவே பயமாக இருக்கிறது.

எங்கள் நாய் சடையன் மட்டும் நன்றாகச் சாப்பிடுகிறான். அவனுக்குத் தினமும் இரண்டு உருண்டை களி அதிகம். காவல் காப்பதற்கு.

நவம்பர் 25, செவ்வாய்

"அம்மிணி, இந்தக் கம்பியோட கொனையப் புடிச்சுக்க" என்றார் அப்பா. அவரைப் பந்தலை உயர்த்தப்போகிறார் என்று நினைத்துப் பிடித்தேன். கம்பியை இழுத்துக்கொண்டு பின்வேலி நெடுக நடந்தார். முழங்கால் உயரத்துக்குக் குச்சி நட்டிருந்தார். ஒவ்வொரு குச்சியின் தலையிலும் கண்ணாடி பாட்டிலின் கழுத்து. கம்பியை அதற்குள் விட்டு இழுத்தபோதுதான் எனக்குப் புரிந்தது. கண்ணாடியில் மின்சாரம் பாயாது. மூன்று வருடம் இயற்பியல் படித்தவள் நான். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள். கம்பியின் நுனியை விட்டுவிடாமல் கடைசிவரை பிடித்திருந்தேன்.

"எதுக்குங்ப்பா?"

"பன்னி வருதல்ல?"

பன்றி எங்கள் கொல்லைக்கு வந்ததே இல்லை.

மோட்டார் ரூமிலிருந்து கரண்டு. பொழுது விழுந்ததும் போடுவது, காலையில் பால் கறக்கப் போகும்முன் அணைப்பது. கம்பியில் கரண்டு இருந்தால் மோட்டார் ரூம் வாசலில் சிவப்பு பல்பு எரியும். காலையில் அணைக்கிற வேலை எனக்கு. "நீ படிச்ச புள்ள. உங்கொம்மாளுக்கு சுவிச்சு தெரியாது."

பிறகு, கிட்டே வந்து: "வெளிய ஒருத்தருகிட்டயும் வாயத் தொறக்காதே. ஈபிகாரங்களுக்குத் தெரிஞ்சா என்னைய ஜெயிலுக்குத்தான் கூட்டிட்டுப் போவாங்க."

நான் வாயைத் திறக்காதவள் என்பது ஊருக்கே தெரியும்.

நவம்பர் 26, புதன்

இரண்டு கூடை அவரை. சிவப்பு பல்பு கோயில் விளக்கு மாதிரி இருக்கிறது என்று அம்மா சொல்கிறாள். அப்பா இரண்டாம் தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

நவம்பர் 29, சனி

சடையன் செத்துப்போனான்.

சுவிட்சை அணைத்துவிட்டு கொல்லைக்குப் போனேன். வேலிச் சந்துக்குப் பக்கத்தில், பூசணி இலைகளுக்கு நடுவில், தூங்குகிற மாதிரி கிடந்தான். உடம்பெல்லாம் பனி. அப்பா ஓடி வந்து என்னைத் தள்ளி நிற்கச் சொன்னார்.

"பாம்பு. விரியனாத்தான் இருக்கும்."

சாக்கில் போட்டுக்கொண்டு போய்த் தென்னைக்கு அடியில் அவரே புதைத்தார். என்னை மண்வெட்டி எடுத்துவரக்கூட விடவில்லை. சாக்குக்குள் போவதற்குள் முகத்தை மட்டும் பார்த்தேன். மூக்குக்கு மேலே குறுக்காக ஒரு கறுப்புக் கோடு. சூட்டுக்கோலால் இழுத்த மாதிரி.

விரியன் கடித்தால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. அப்பாவுக்குத் தெரியும். தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவர்.

கத்தரிக்கு வேப்பெண்ணெய் தெளித்தேன்.

டிசம்பர் 1, திங்கள்

அவரை பறிக்க ராசாமணி அக்கா வந்தார்கள். ரோட்டோரக் குடியிருப்பில் வீடு. அவர்கள் வந்தால் தோட்டத்துக்கே சத்தம் வந்துவிடும்.

"எங்கீங் அம்மிணி உங்க மாப்பிள்ளை? கொரைக்காம இருக்கறானே?" சடையனைத்தான் அப்படிச் சொல்வார்கள்.

"செத்துட்டானுங்க்கா. பாம்பு."

"அட கெரகமே! பனி காலத்துல பாம்பு எங்கீங் வந்துச்சு? அதெல்லாம் பொந்துல சுருண்டு கெடக்குமே."

நான் கூடையை மாற்றி வைத்தேன். அவர்கள் பூசணிக்கொடியைப் பார்த்துவிட்டார்கள்.

"ஆத்தாடி, எத்தன மொட்டு! மார்கழி பொறக்கட்டும், எங்கூட்டு வெண்ணிலா இங்கதான் வந்து நிப்பா. போன வருசம் ரெண்டு புள்ளைங்களக் கூட்டிட்டு நாலு மணிக்கே வந்துட்டா பாருங்க, திருட்டுக் கழுதை. கோலம் கோணையாப் போட்டுட்டு சாணியில பூவ வெச்சு மறைச்சுக்குவா."

போன வருடம் நானும் அதைக் கேட்டேன். போர்வைக்குள் படுத்துக்கொண்டு, கொல்லையில் சின்னப் பிள்ளைகள் கிசுகிசுவென்று சிரிப்பதை. விடிந்து பார்த்தால் கொடியில் ஒரு பூ இல்லை. அம்மா பொய்க்குத் திட்டினாள். எல்லா வருடமும் அப்படித்தான். வேலிச் சந்து அவர்கள் நுழைந்து நுழைந்தே உண்டானது.

அக்கா போன பிறகு சந்தைப் போய்ப் பார்த்தேன். கம்பி அதற்குக் குறுக்கேதான் போகிறது. என் முழங்கால் உயரம். பத்து வயதுப் பிள்ளைக்குத் தொடை வரை வரும்.

டிசம்பர் 3, புதன். தீபம்

அம்மா அகல் விளக்குகளை ஏற்றிக்கொண்டு சுற்றினாள். வாசல், மாட்டுக் கொட்டகை, கிணற்றுமேடு. கடைசியாக எருக்குழிக்கு ஒன்று. எருக்குழி கொல்லைக்குப் பின்னால், வேலியை ஒட்டி. வருடா வருடம் வைக்கிற விளக்கு. அதை வைக்காமல் விட அம்மாவுக்குத் தோன்றவே தோன்றாது. கம்பி இருக்கிறது என்பதும் தோன்றவில்லை.

நான் வாசலில் எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தேன். மோட்டார் ரூம் பக்கம் அப்பா போவது தெரிந்தது. சிவப்பு பல்பு எரிந்தது. அப்போதுதான் கொல்லையில் விளக்கு அசைவதைப் பார்த்தேன்.

கூப்பிட வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. கல்லூரியில் நேர்முகத் தேர்வில் அப்படித்தான் ஆயிற்று. பெயரைச் சொல்லுங்கள் என்றார்கள். தொண்டைக்குள் யாரோ கையை வைத்து அடைத்த மாதிரி. இன்றும் அதே கை.

ஓடினேன். அம்மா ஒரு கையில் விளக்கோடு, மறு கையால் சேலையைத் தூக்கிப் பிடித்தபடி கம்பியைத் தாண்டக் காலை எடுத்திருந்தாள். பின்னாலிருந்து இடுப்பைக் கட்டி இழுத்தேன். இருவரும் கத்தரிப் பாத்தியில் விழுந்தோம்.

"என்னடி, பைத்தியமா உனக்கு? விளக்கு அணைஞ்சுபோச்சே, சகுனம்…" என்றவள் நிறுத்திவிட்டாள். கம்பியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

அப்பாவிடம் சொல்ல வேண்டாம் என்றாள். இரண்டு கத்தரிச் செடி முறிந்துவிட்டது.

டிசம்பர் 4, வியாழன்

சடையனைப் பாம்பு கடிக்கவில்லை.

டிசம்பர் 7, ஞாயிறு

மூன்று நாளாக அப்பாவுக்குத் தெரியாமல் சீக்கிரமே எழுந்து கரண்டை அணைத்துவந்தேன். பிள்ளைகள் வருகிற நேரத்துக்கு முன்னால். பழக்கப்படுத்திக்கொண்டால் மார்கழிக்குச் சரியாக இருக்கும் என்று. இன்று மோட்டார் ரூமிலிருந்து திரும்பினால் வாசலில் அப்பா நிற்கிறார், கையில் கடப்பாரை.

"லைட்டு அணைஞ்சுருச்சு. எவனோ கம்பிய வெட்டிப்புட்டான்னு நெனச்சேன்."

இருட்டில் என்னை அடித்திருப்பார். அது அவருக்கும் புரிந்தது. உட்கார்ந்துவிட்டார். திட்டவில்லை. மோட்டார் ரூம் சாவியை மட்டும் கேட்டார். இப்போது அது அவர் இடுப்புக் கயிற்றில் தொங்குகிறது. இனி போடுவதும் அணைப்பதும் அவரே.

விடிந்து வெயில் வந்த பிறகுதான் அணைத்தார். விடியற்காலைதான் ரொம்ப ஆபத்தான நேரமாம்.

டிசம்பர் 10, புதன்

சாப்பிடும்போது சொன்னேன். நாலு நாளாக மனதுக்குள் சொல்லிப் பார்த்த வாக்கியம்.

"மார்கழி பொறக்குதுங்ப்பா. புள்ளைங்க பூவுக்கு வருவாங்க."

"வரட்டும். விடிஞ்சு வரட்டும்."

"நாலு மணிக்கே…" அதற்கு மேல் வரவில்லை.

"எதுக்கு அடுத்தவங்க வேலிக்குள்ள வரோணும்? வர்றது யாருன்னு இருட்டுல எனக்கு எப்படித் தெரியும்?"

"சாப்புடறப்ப எதுக்கு அந்தப் பேச்சு?" என்று அம்மா எனக்குக் குழம்பு ஊற்றினாள். வேண்டாத அளவு ஊற்றினாள்.

அப்பா சாப்பிட்ட கையோடு அப்படியே இருந்தார். பிறகு அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "கரட்டுத் தோட்டத்தாரத் தூக்கி வண்டியில வெச்சது நான்தான். அந்தம்மா கையில கரண்டி இருந்துச்சு அம்மிணி. விடவே இல்ல. கரண்டியோடயேதான் தூக்குனோம்." தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "உங்களுக்கு அப்படி ஒண்ணு ஆயிட்டா நான் உசுரோட இருந்து என்ன பண்றது?"

எனக்கு அழுகை வந்தது. அவர் சொல்வது பொய்யில்லை. நானும் பின்கதவைத் தாழ் போட்டுவிட்டு ஒவ்வொரு நாளும் மறுபடி எழுந்து போய்த் தொட்டுப் பார்க்கிறேன். கம்பி எங்களுக்காகத்தான். அதனால்தான் அதைப்பற்றிப் பேச முடியவில்லை.

டிசம்பர் 12, வெள்ளி

குடியிருப்புக்குப் போனேன். இத்தனை வருடத்தில் முதல் தடவை. கீரை கொடுக்கப் போகிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா எதற்கு என்று கேட்காமல் ஒரு கட்டு கூட வைத்துக் கொடுத்தாள்.

வெண்ணிலா வாசலில் சாக்பீசால் கோலம் பழகிக்கொண்டிருந்தாள். கோரைப்பல் ஒன்று பாதி முளைத்திருக்கிறது.

"வெண்ணிலா, இந்த வருசம் நீ வராதே. நானே பூவப் பறிச்சுக் கொண்டாந்து தர்றேன்."

அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள். "அது ஆகாதுங்க்கா. நாங்களே திருடோணும். கேட்டு வாங்குன பூவ எவ வெப்பா?"

"தெனமும் தர்றேன். மாசம் முழுக்க."

"அப்புறம் அந்த ரேவதியும் கூட்டமும் என்னையப் பாத்துச் சிரிப்பாளுங்க."

ராசாமணி அக்கா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார்கள். "என்னீங் அம்மிணி, உங்க கொடியில இந்த வருசம் தங்கத்துல பூத்திருக்குதா? காவலுக்கு ஆள் போட்டுட்டீங்களாட்டம் இருக்குது." சிரித்துக்கொண்டுதான் சொன்னார்கள். ஆனால் கண் சிரிக்கவில்லை. நாங்கள் பூவைக்கூடக் கொடுக்க மனமில்லாதவர்கள் ஆகிவிட்டோம் என்று நினைத்திருப்பார்கள்.

சொல்லிவிடலாம். "அக்கா, கம்பியில கரண்டு இருக்குது." அவ்வளவுதான். பொழுது சாய்வதற்குள் குடியிருப்பு முழுக்கத் தெரிந்துவிடும். நாளைக்கு ஈபியிலிருந்து வருவார்கள், போலீஸ் வரும். அப்பாவை ஜீப்பில் ஏற்றுவதை ஊரே பார்க்கும். சொல்லாவிட்டால்?

தண்ணீர் கொடுத்தார்கள். குடித்துவிட்டு வந்துவிட்டேன். டம்ளரைக் கையிலேயே கொண்டுவந்திருக்கிறேன். வீட்டுக்கு வந்துதான் கவனித்தேன்.

டிசம்பர் 14, ஞாயிறு

வெயில் ஏறிய பிறகு பூசணிக்கொடியைப் பார்த்தேன். அதன் சுருள் நுனி ஒன்று கம்பியைப் பிடித்துச் சுற்றியிருக்கிறது. சுற்றிய இடம் கருகிப் போயிருக்கிறது. அதற்குப் பக்கத்திலேயே இன்னொரு புதுச் சுருள் கம்பியை நோக்கி நீண்டுகொண்டிருக்கிறது. கொடிக்கு என்ன தெரியும்?

மொட்டுகளையெல்லாம் கிள்ளிவிடலாம் என்று உட்கார்ந்தேன். அம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"கிள்ளாதே. பூவில்லைன்னு அவளுங்களுக்கு எப்படித் தெரியும்? கிட்ட வந்து பாத்தாத்தானே தெரியும்?"

நான் அதை யோசிக்கவில்லை. அம்மா யோசித்திருக்கிறாள். எத்தனை நாளாக யோசிக்கிறாள் என்று கேட்கவில்லை.

"நீங்க சொல்லுங்கம்மா அப்பாகிட்ட."

"நான் சொல்லி என்னைக்கு அவரு கேட்டிருக்காரு?" புல்லைப் பிடுங்கிக்கொண்டே இருந்தாள். "உன்னைய ஆம்பளப் புள்ளையாட்டம் படிக்க வெச்சாரு. நீ சொன்னாத்தான் கேப்பாரு. உனக்கோ வாய் இல்ல."

டிசம்பர் 15, திங்கள்

என்ன நடந்தது என்று வரிசையாக எழுத வேண்டும்.

நாளை மார்கழி முதல் தேதி. சாயங்காலம் மாட்டைப் பிடித்துக் கட்டிவிட்டு அப்பா இடுப்பிலிருந்து சாவியை அவிழ்த்தார். மோட்டார் ரூம் வீட்டுக்கு முன்னால், கிணற்றுக்குப் பக்கத்தில். அங்கிருந்து கொல்லை தெரியாது. அப்பா நடக்க ஆரம்பித்ததும் நான் சமையலறை வழியாகப் பின்னால் போனேன். செருப்பைக் கழற்றினேன். ஏன் கழற்றினேன் என்று தெரியவில்லை. சாமி கும்பிடப் போகிற மாதிரி. வேலிச் சந்துக்குப் போய், இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

கம்பி சில்லென்று இருந்தது. அதற்குள் பனி இறங்க ஆரம்பித்திருந்தது.

அதற்குப் பிறகுதான் உறைத்தது. நான் பிடித்திருப்பது அப்பாவுக்குத் தெரியாது. நான்தான் சொல்ல வேண்டும். வீட்டைத் தாண்டிக் கேட்கிற அளவுக்கு.

மோட்டார் ரூம் கதவின் கிறீச்சென்ற சத்தம் கேட்டது. வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. அதே கை, அதே தொண்டை. கம்பியை விட்டுவிடலாம், யாருக்கும் தெரியப்போவதில்லை என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதை எழுதத்தான் வேண்டும். அப்போது காலடியில் மண் மெத்தென்று அமுங்கியது. சடையன் கிடந்த இடம்.

"அப்பா!"

அது என் குரலா என்று எனக்கே தெரியவில்லை. கொட்டகையில் மாடு மிரண்டது.

"போடாதீங்ப்பா! நான் கம்பியப் புடிச்சிருக்கேன்! போடாதீங்க! நான் புடிச்சிருக்கேன்!"

பிறகு எதுவும் கேட்கவில்லை. கேட்டிருக்குமா, கேட்டிருக்காதா. கண்ணை மூடிக்கொண்டேன். எங்கேயோ தூரத்தில் ஒரு மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. என் கைகளில் ரத்தம் ஓடுவதுகூடக் கேட்டது.

காலடிச் சத்தம் ஓடி வந்தது. அப்பா. அவருக்குப் பின்னால் அம்மா.

அப்பா என் பக்கத்தில் வரவில்லை. நாலு முழம் தள்ளி நின்றுவிட்டார். கரண்டு இல்லை என்று அவருக்குத் தெரியும். அவர்தானே போடவில்லை. ஆனாலும் என்னைத் தொடப் பயந்தார்.

"உடு அம்மிணி. கைய எடு."

"மாட்டேனுங்க. வெண்ணிலா நாளைக்கு இந்தச் சந்துலதான் வருவா. இங்கதான் காலை வெப்பா. சடையன் செத்த எடத்துல." மூச்சு விடாமல் வந்தது, நிறுத்தவும் தெரியவில்லை. "அவளையும் பாம்பு கடிச்சுதுன்னு சொல்லுவீங்களா? எந்தத் தென்னைக்கு அடியில புதைப்பீங்க?"

அப்பாவின் முகத்தை எழுத மாட்டேன்.

அம்மாதான் பேசினாள். "தீபத்தன்னைக்கு நான் போயிருப்பேனுங்க. இவதான் இழுத்துப் போட்டா. உங்ககிட்டச் சொல்லல." பிறகு, அவரைக் கடந்து வந்து, என் கைக்குப் பக்கத்தில் அவளும் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "சுத்திருங்க. வர்றவன் வந்தா வரட்டும். மூணு பேரும் முழிச்சிருப்போம்."

அப்பா கம்பியைப் பிடித்திருந்த எங்கள் கைகளைப் பார்த்தார். பிறகு வேலியின் அந்தக் கோடிக்குப் போய்க் கம்பியை அவிழ்த்துச் சுற்ற ஆரம்பித்தார். எங்கள் பக்கம் வரும்வரை நாங்கள் கையை எடுக்கவில்லை. பூசணிச் சுருள் சுற்றியிருந்த இடத்துக்கு வந்ததும் அதை இழுத்து அறுக்காமல் விரலால் பிரித்து எடுத்தார்.

என் உள்ளங்கைகளில் குறுக்காக ஒரு கோடு விழுந்திருக்கிறது.

டிசம்பர் 16, செவ்வாய். மார்கழி 1

விடியுமுன் அப்பா என் தோளைத் தொட்டு எழுப்பினார். வாயில் விரலை வைத்துக் காட்டினார். அவர் கையில் கடப்பாரை.

கொல்லையில் இலை சலசலத்தது. மூன்று பேரும் சமையலறைக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றோம். அம்மா என் கையைப் பிடித்திருந்தாள், விரல் வலித்தது. யாராக இருந்தாலும் எங்களுக்கும் அவர்களுக்கும் நடுவில் இப்போது இந்தக் கதவு மட்டும்தான். நான் கரட்டுத் தோட்டத்து அம்மாவின் கரண்டியை நினைத்தேன். கம்பியைச் சுற்ற வைத்தது தப்போ என்றும் ஒரு நொடி நினைத்தேன்.

சருகு நொறுங்கியது. யாரோ தும்மினார்கள்.

"ஏய், மெதுவாடி! நாச்சிமுத்தய்யன் எந்திரிச்சா தோல உரிச்சுப்புடுவாரு."

அடக்க முடியாத சிரிப்பு, கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிற சிரிப்பு.

அப்பாவின் கை தாழ்ப்பாளில் இருந்தது. திறக்கவில்லை. கடப்பாரையைச் சத்தம் வராமல் சுவரில் சாய்த்து வைத்தார். பிறகு பலமாக ஒரு தடவை இருமினார். கொல்லையில் "ஐயோ" என்ற குரல், தடதடவென்று ஓடும் சத்தம், வேலிச் சந்தில் பாவாடை கிழியும் சத்தம், அப்புறம் தூரத்தில் மறுபடி சிரிப்பு.

வெளிச்சம் வந்ததும் போய்ப் பார்த்தோம். கொடியில் ஒரு பூ இல்லை. பறித்த காம்புகளில் பனித்துளி நிற்கிறது. அவசரத்தில் அவரைப் பந்தலின் ஒரு காலைச் சாய்த்துவிட்டிருக்கிறார்கள். அம்மா திட்டிக்கொண்டே அதை நிமிர்த்தினாள். திட்டும்போது குரல் உடைந்தது.

அப்பா வேலிச் சந்துக்குப் போனார். ஈர மண்ணில் சின்னக் காலடி ஒன்று தெளிவாகப் பதிந்திருந்தது. ஐந்து விரலும் தெரிந்தது. நேற்றுவரை கம்பி போன இடத்துக்கு நேர் கீழே.

அப்பா அங்கேயே நின்றார். தோளில் இருந்த துண்டை எடுத்து வாயை மூடிக்கொண்டார். அம்மா காபி ஆறுகிறது என்று கூப்பிட்டபோதுதான் திரும்பினார். வருகிற வழியில் அந்தக் காலடி இருந்தது. அதை மிதிக்காமல், கத்தரிப் பாத்தியில் இறங்கிச் சுற்றிக்கொண்டு வந்தார்.